குடல்வால் அறுவைக்குப் பின் பயாப்சியில் 1.3 செ.மீ. கார்சினாய்டு: மீண்டும் ஓர் அறுவை தேவைப்படுமா?

கேள்வி: கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வயது 27. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, விடிவதற்குள் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால், மறுநாள் காலையில் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருப்பது தெரிந்ததும் அன்று மாலையே லேப்ராஸ்கோபி முறையில் அதை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் ‘பயாப்சி அறிக்கை பின்னர்’ என்று ஒரு வரி இருந்தது; அதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. பதினாறாம் நாள் காயத்தைக் காட்டப் போனபோது நாங்களாகக் கேட்ட பிறகே வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அதைப் பிரித்த தங்கை, ‘ட்யூமர்’ என்ற சொல்லுக்கு மேல் படிக்காமல் தாளை என் கையில் கொடுத்துவிட்டாள்.

அறிக்கையில் உள்ளது இதுதான். குடல்வால் அழற்சி உறுதி செய்யப்பட்டிருக்கிறது. அதோடு, குடல்வாலின் நுனியில் 1.3 செ.மீ. அளவில் நன்கு வேறுபாடடைந்த (இயல்பான செல்களை இன்னும் ஒத்திருக்கும்) நியூரோஎண்டோகிரைன் ட்யூமர், அதாவது ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் உண்டாகும் கட்டி, இருப்பதாகவும், அதன் தரம் ஜி1 என்றும், கேஐ-67 ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றும், மீசோஅப்பெண்டிக்ஸ் எனப்படும் கொழுப்புத் திசுவுக்குள் 2 மி.மீ. ஊடுருவியிருக்கிறது என்றும், வெட்டிய விளிம்பில் கட்டி இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் ‘கார்சினாய்டு’ என்ற சொல்லும் இருக்கிறது.

அறுவை செய்த மருத்துவர், கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதால் வலப்பக்கப் பெருங்குடலையும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்கிறார். தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த இன்னொரு குடல் அறுவை நிபுணர், எடுத்ததே போதும், ஒரு முறை ஸ்கேன் செய்து பார்த்தால் சரி என்கிறார். இருவரும் அனுபவசாலிகள், இருவரும் உறுதியாகத்தான் சொன்னார்கள். வருகிற தை மாதம் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அம்மா சாப்பிடுவதே குறைந்துவிட்டது. இந்த அளவு கட்டிக்குப் பிறகு கண்காணிப்பு எப்படி இருக்க வேண்டும், இரண்டாவது அறுவை உண்மையிலேயே தேவையா என்பதை, இதே நிலையைக் கடந்தவர்களும் விவரம் அறிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கண்ணாடித்தகடு

தம்பி, நான் ஓய்வுபெற்ற நோயியல் மருத்துவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த அறிக்கைகளை எழுதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்பதால், அறிக்கையில் எந்தெந்த வரி முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சிகிச்சை முடிவு உங்கள் மருத்துவர்களுடையது.

முதலில், இது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. எடுக்கப்படும் ஆயிரம் குடல்வால்களில் மூன்று முதல் ஒன்பது வரை இந்தக் கட்டி தென்படுகிறது. பெரும்பாலும் நுனியிலேயே இருப்பதால் குழாயை அடைக்காது. வலிக்குக் காரணம் வேறாக இருக்கும். உங்கள் தங்கைக்கு வலி வந்ததும் கட்டி அகப்பட்டதும் அநேகமாகத் தற்செயலான இணைவு. ஆய்வகத்துக்குக் குடல்வால் வந்ததும் அடியையும் நடுப்பகுதியையும் வட்ட வட்டமாக நறுக்கிவிட்டு, நுனியை மட்டும் நீளவாக்கில் பிளந்து பார்ப்போம். ஃபார்மலினில் ஓர் இரவு ஊறிய பிறகு இந்தக் கட்டி மஞ்சள் நிறமாகி, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும். உங்கள் தங்கையுடையது ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு இருந்திருக்கும்.

கார்சினாய்டு என்ற சொல்லைப் பார்த்துக் கலங்க வேண்டாம். 1907இல் மியூனிக்கைச் சேர்ந்த நோயியல் மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர், புற்றுநோயைப் போலத் தோன்றினாலும் அதைப் போல நடந்துகொள்ளாத கட்டிகள் என்ற பொருளில் சூட்டிய பெயர் அது. எல்லாக் கார்சினாய்டுகளும் சாதுவானவை அல்ல என்று 1929இல் அவரே திருத்திக்கொண்டார். அதனால்தான் இன்று பெயரை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. அளவு, இடம், விளிம்பு, தரம், ஊடுருவல் ஆகியவற்றை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அளவைப் பொறுத்தவரை இரண்டு முனைகளில் குழப்பம் இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்து, முழுவதும் எடுக்கப்பட்டிருந்தால், குடல்வாலை எடுத்ததோடு சிகிச்சை முடிந்தது; அதற்குப் பிறகு ஸ்கேனும் தேவையில்லை, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் வலப்பக்கப் பெருங்குடலை நிணநீர்க்கணுக்களோடு எடுப்பதே பொதுவான அறிவுரை. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் உங்கள் தங்கை நிற்கிறாள். உங்கள் இரண்டு மருத்துவர்களும் வேறுபட்டது அதனால்தான். அவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. ஒருவர் பழைய எச்சரிக்கையைப் பின்பற்றுகிறார், மற்றவர் அண்மைக் காலச் சான்றைப் பின்பற்றுகிறார்.

அந்தச் சான்று 2023இல் லான்செட் ஆங்காலஜி இதழில் வந்தது. ஐரோப்பாவில் 15 நாடுகளின் 40 மருத்துவமனைகளில் 2000 முதல் 2010 வரை அறுவை செய்துகொண்ட, ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கட்டி இருந்த 278 பேரை எடுத்துக்கொண்டு, குடல்வாலை மட்டும் எடுத்துக்கொண்ட 163 பேரையும் பெருங்குடலின் வலப்பாதியையும் எடுத்துக்கொண்ட 115 பேரையும் ஒப்பிட்டார்கள். பெரிய அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நிணநீர்க்கணுவில் கட்டியின் செல்கள் இருந்தன. அப்படியானால் சிறிய அறுவையோடு நின்றவர்களில் சிலருக்கும் அவை உள்ளே தங்கியிருந்திருக்க வேண்டும். இருந்தும், பத்தாண்டுகளுக்கு மேல் கடந்து பார்த்தபோது, இரு தரப்பினரின் ஆயுளிலும் வேறுபாடு இல்லை; இந்தக் கட்டியால் யாரும் இறக்கவில்லை. இது பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இவ்வளவு அரிய கட்டிக்கு அப்படிப்பட்ட சோதனை எளிதில் நடக்காது. கையில் இருப்பதில் வலுவான சான்று இதுதான்.

இனி உங்கள் அறிக்கை. நுனியில் இருப்பது நல்லது. அடியில் இருந்தால் விளிம்பைப் பற்றிய கவலை வரும். கேஐ-67 மூன்று விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஜி1. மூன்று முதல் இருபது வரை ஜி2. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதற்கான கணக்கு அது. நுண்ணோக்கியில் குறைந்தது 500 செல்களை எண்ணி, பழுப்பு நிறம் ஏறிய உட்கருக்கள் எத்தனை என்று பார்த்து எழுதுவது. மீசோஅப்பெண்டிக்ஸ் ஊடுருவலுக்கு 3 மி.மீ. என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், 2 மி.மீ. அதற்குள் அடங்குகிறது. ஆனால் நீங்கள் எழுதியதில் இரத்தக்குழாய், நிணநீர்க்குழாய் ஊடுருவல் பற்றி ஒன்றுமே இல்லை. உங்களுக்கு விட்டுப்போனதா, அறிக்கையிலேயே விட்டுப்போனதா? அறிக்கையில் இல்லையென்றால் அதைக் கேட்டுப் பெறாமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள். ‘இல்லை’ என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றல்ல.

மெழுகு பிளாக்கும் ஸ்லைடுகளும் நோயாளி கேட்டால் கொடுக்க வேண்டியவை. வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிலையம் போல இத்தகைய கட்டிகளை அடிக்கடி பார்க்கும் இடத்தில் மறுபார்வைக்குக் கொடுங்கள். அங்கே அறுவை நிபுணர், புற்றுநோய் மருத்துவர், நோயியல் மருத்துவர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டம் இருக்கும். இது மெல்ல வளரும் கட்டி. சில வாரங்கள் எடுத்துக்கொள்வதால் எதுவும் கைநழுவிப் போகாது.

பதில் 2: பாதிக் குடல்காரன்

நான் இரண்டாவது அறுவையைச் செய்துகொண்டவன் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். 2017இல் எனக்கு 38 வயது, கட்டி 1.7 செ.மீ., குடல்வாலின் அடியில் இருந்தது, விளிம்பிலும் செல்கள் இருந்தன. ஆகவே எனக்கு விவாதத்துக்கே இடமில்லை. ஆறு வாரங்கள் கழித்து வலப்பக்கப் பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசித் துண்டையும் எடுத்தார்கள். பதினெட்டு நிணநீர்க்கணுக்களைச் சோதித்ததில் ஒன்றிலும் எதுவும் இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டபோது மகிழ்ந்ததா, வீணாக வெட்டிக்கொண்டோம் என்று வருந்தியதா என்று இன்றும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது அதற்குப் பிந்தைய வாழ்க்கை. பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது சிறுகுடலின் கடைசிப் பகுதிதான். அது போய்விட்டதால் பித்தம் நேராகப் பெருங்குடலுக்கு இறங்கி, காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் எட்டு மணிக்குள் நான்கைந்து முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. ஈரோட்டிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய் வருபவனுக்கு அது என்ன பாடு என்று விளக்க வேண்டியதில்லை. ஏழெட்டு மாதம் பத்தியக் கோளாறு என்றே எண்ணிக்கொண்டு மோரும் மாதுளைத் தோல் கஷாயமும் குடித்தேன். பிறகு ஒரு மருத்துவர் கொலஸ்டிரமின் தூள் எழுதிக் கொடுத்ததும் இரண்டே வாரத்தில் அடங்கியது. அதே சிறுகுடல் துண்டுதான் வைட்டமின் பி12ஐயும் உறிஞ்சுவது என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை அதையும் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சிலர் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள். தேவையென்றால் தயங்காமல் செய்துகொள்ள வேண்டிய அறுவைதான் அது. ஆனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று செய்துகொள்ளும் அறுவை அல்ல. நுனியில் இருந்த கட்டிக்கு என்னிடம் கேட்டிருந்தால், நான் முதலில் மறுபார்வைக்குத்தான் கொடுத்திருப்பேன்.

பதில் 3: நெல்லைச்சீமை

கண்ணாடித்தகடு அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த இழையைத் தேடி வருகிற மற்றவர்கள், தங்கள் அறிக்கையில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். என் அத்தைக்கும் குடல்வாலில்தான் கட்டி. அவருக்கு ‘கோப்லெட் செல் கார்சினாய்டு’ என்று எழுதியிருந்தார்கள். கார்சினாய்டு என்ற சொல் இருந்ததால் சாதாரணமானது என்று குடும்பத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். உண்மையில் அது வேறு நோய். 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதன் பெயரையே கோப்லெட் செல் அடினோகார்சினோமா என்று மாற்றிவிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோயைப் போலவே கருதிச் சிகிச்சை தருகிறார்கள். குடல்வாலில் சளி போன்ற திரவம் சேரும் மியூசினஸ் கட்டிக்கும் கண்காணிப்பு முறை வேறு. மேலே சொன்ன சென்டிமீட்டர் கணக்கு இவை எதற்கும் பொருந்தாது.

கொள்ளிடக்கரை (மறுமொழி)

எல்லோருக்கும் நன்றி. அம்மா, அறிக்கையை மறுபடி வரிவரியாகப் பார்த்தேன். நீங்கள் சொன்ன ஊடுருவல் வரி அறிக்கையிலேயே இல்லை. பிளாக்கைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதற்கிடையில் உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, மருத்துவரிடம் கேட்காமலே, வெளியே ஓர் ஆய்வகத்தில் இவ்வகைக் கட்டிகள் வெளியிடும் ஒரு புரதத்தை அளக்கும் குரோமோகிரானின் ஏ என்ற இரத்தப் பரிசோதனை செய்தோம். இயல்பான எல்லையைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு வந்திருக்கிறது. தங்கை நேற்று இரவு முழுக்க உறங்கவில்லை. நோய் உள்ளே மிச்சம் இருக்கிறது என்று இதற்குப் பொருளா?

பதில் 4: கண்ணாடித்தகடு

தம்பி, ஒரு கேள்வி: அறுவைக்குப் பிறகு வயிற்றெரிச்சலுக்கு என்று பாண்டோப்ரசோல் போன்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார்களா, அதை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறாளா? நம் ஊரில் அது இல்லாத மருந்துச்சீட்டே கிடையாது. அமிலத்தை அடக்கும் அந்த மாத்திரை ஒன்றே குரோமோகிரானின் ஏ அளவைப் பல மடங்கு உயர்த்தும். சிறுநீரகக் கோளாறும் இரைப்பை அழற்சியும் அவ்வாறே உயர்த்தும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரமாவது ஆன பிறகு எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு ஏதாவது பொருள் உண்டு. நிறுத்துவதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அதைவிட முக்கியமானது, முழுமையாக எடுக்கப்பட்ட சிறிய குடல்வால் கட்டிக்கு இந்தப் பரிசோதனையால் பயன் இல்லை என்பது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து, செரோடோனின் என்ற ஹார்மோனின் கழிவை அளக்கும் 5-ஹெச்.ஐ.ஏ.ஏ. பரிசோதனையும் அப்படியே. முகம் திடீரென்று சிவந்து காந்துவது, காரணமில்லாத வயிற்றுப்போக்கு ஆகிய கார்சினாய்டு அறிகுறிகள் பெரும்பாலும் கல்லீரல் வரை பரவியவர்களுக்கு வருபவை. அதற்காகத்தான் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை. அதிலும் முந்தைய நாட்களில் வாழைப்பழமோ அன்னாசியோ தக்காளியோ சாப்பிட்டிருந்தால் எண் ஏறிவிடும். தக்காளி இல்லாமல் மூன்று நாள் சமைக்க உங்கள் வீட்டில் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

கண்காணிப்பு என்று ஒன்று தேவைப்பட்டால், அது வயிற்றுக்கான ஒரு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஆக இருக்கும். வயது குறைந்த பெண் என்பதால் கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ.யைப் பலர் விரும்புவார்கள். இவ்வகைக் கட்டிச் செல்களில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ஏற்றி உடல் முழுவதும் தேடும் காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன் என்று யாராவது சொன்னால், எதைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். விளிம்பிலோ கணுவிலோ ஐயம் இருப்பவர்களுக்கு அது உதவும், எல்லோருக்கும் அல்ல.

பதில் 5: கணக்குப்பிள்ளை

மருத்துவம் பற்றி எனக்குத் தெரியாது. காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். திருமணத்துக்குப் பிறகு தங்கையின் பெயரில் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுப்பீர்கள். விண்ணப்பத்தில் இந்த அறுவையையும் பயாப்சி முடிவையும் மறைக்காமல் எழுதி, அறிக்கையின் நகலை இணைத்துவிடுங்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். மறைத்தால், முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் எந்தக் கோரிக்கை போனாலும் அதையே காரணம் காட்டி மறுக்க இடம் உண்டு. ‘ட்யூமர்’ என்று மட்டும் எழுதினால் விண்ணப்பத்தைப் பார்ப்பவரும் உங்கள் தங்கையைப் போலவே அந்தச் சொல்லோடு நின்றுவிடுவார். தரம், அளவு, முழுமையாக எடுக்கப்பட்டது என்ற விவரம், மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் தந்தால் அந்தக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்து விஷயம். என் கருத்து, உங்கள் தங்கையே அந்தப் பையனிடம் சொல்வதுதான் சரி; அண்ணனும் அம்மாவும் கூடி முடிவு செய்ய வேண்டியதல்ல.

கொள்ளிடக்கரை (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

கேட்டவன் பாதியில் காணாமல் போய்விடக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன். பாண்டோப்ரசோலை அறுவை நாளிலிருந்து விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். மருத்துவரைக் கேட்டு நிறுத்தினோம். இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பிளாக்கையும் ஆறு ஸ்லைடுகளையும் வாங்க இரண்டு முறை நடந்தோம். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் கூட்டில் மெழுகு, அதன் நடுவில் வெளிறிய ஒரு துணுக்கு. தங்கை அதை நெடுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபார்வையில் புதிதாகச் சீவல்கள் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்திருக்கிறார்கள். அளவு அதே 1.3 செ.மீ., ஜி1, மீசோஅப்பெண்டிக்ஸ் ஊடுருவல் 2 மி.மீ., இரத்தக்குழாயிலும் நிணநீர்க்குழாயிலும் ஊடுருவல் இல்லை என்று இம்முறை தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மருத்துவர்கள் கூட்டத்தின் முடிவு, மேற்கொண்டு அறுவை வேண்டாம், எம்.ஆர்.ஐ. ஒன்று மட்டும் எடுத்து அதில் எதுவும் இல்லையென்றால் வழக்கமான கண்காணிப்பும் தேவையில்லை என்பது. கருத்தரிப்பதற்கு இதனால் தடை இல்லை என்றும், இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்றும் தங்கை கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். முதலில் அறுவை செய்த மருத்துவரிடமும் அறிக்கையைக் காட்டினோம். படித்துவிட்டு, இந்த வரி முதலிலேயே இருந்திருந்தால் தானும் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார்.

மாப்பிள்ளையிடம் தங்கையே பேசிவிட்டாள். எம்.ஆர்.ஐ. வருகிற புதன்கிழமை, கூட வருவது நான் இல்லை, அவர்தானாம். ஸ்லைடுகளைத் திருப்பித் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருப்பதால், அவற்றை மட்டும் நான் திங்களன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.